முதல் மடக்கு யார் கொடுத்தது?

விருதுநகர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளோடுதான் என் வேலைக்காலம் கழிந்தது. குடித்துவிட்டு வந்து பிடிபட்ட பையனைத் தனியாக உட்கார வைத்துப் பேசும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: "மொதல்ல உனக்கு யாருடா குடுத்தது?"

வெளியே அவன் அம்மா "சேர்க்கை சரியில்ல டீச்சர்" என்று அழுதுகொண்டிருப்பார். உள்ளே பையன் சொல்கிற கதை வேறாக இருக்கும். "குலசாமி கோயில்ல கெடா வெட்டு டீச்சர். மாமா ஒரு மடக்கு குடிச்சுப் பாருடான்னு குடுத்தாரு." "அக்கா கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி, மண்டபத்து மாடியில சித்தப்பாவும் அவர் கூட்டாளிகளும் இருந்தாங்க. தண்ணி பாட்டில் வாங்கிட்டு வரச் சொன்னாங்க, அப்படியே ஊத்திக் குடுத்தாங்க." "அப்பா தூங்கிட்டாரு, பாட்டில்ல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு." கெட்ட நண்பர்கள் என்று நாம் சொல்கிறவர்கள் பல பையன்களின் வாழ்க்கையில் இரண்டாவதாகத்தான் வந்தார்கள். தொடங்கி வைத்தவர்கள் வீட்டு ஆட்கள்.

அதனால்தான் இந்த விஷயத்தில் பெற்றோரால் பெரிதாகச் செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன். கடையை மூடுவது அரசின் கையில் இருக்கிறது. மாமாவின் கையைப் பிடிப்பது நம் கையில் இருக்கிறது.

மாமாவிடம் எப்படிப் பேசுவது என்று தயங்குகிற தாய்மாருக்கு ஒரு தகவல். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77-ஆவது பிரிவின்படி, மருத்துவர் சொல்லாமல் 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கொடுத்தவர் தாய்மாமனா, பக்கத்து வீட்டுக்காரரா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. மதுவை விற்கவோ எடுத்துச் செல்லவோ பிள்ளையைப் பயன்படுத்தினாலும், 78-ஆவது பிரிவின்படி அதே தண்டனைதான். தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடையில் வாங்குவதற்கான வயது 21. உடன்பிறந்தவனை ஜெயிலுக்கு அனுப்ப யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. ஆனால் கெடா வெட்டுக்குப் பத்து நாள் முன்னால் போனைப் போட்டு, "அண்ணே, எம் பையனுக்கு ஒரு சொட்டுக்கூட யாரும் குடுக்கக் கூடாது. தண்ணி பாட்டிலு, சைடிஷ்னு அவன அந்தப் பக்கம் ஏவவும் கூடாது" என்று ஒரு தாய் சொல்லிவிட்டால், அங்கே பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை. சொல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் கிளாஸ் நீள்கிறது.

"வீட்டுல எங்க கண் முன்னாடி கொஞ்சம் குடிச்சுப் பழகிட்டா வெளியில போய்க் கெட மாட்டான்" என்கிற பேச்சும் இப்போது படித்த குடும்பங்களில் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,900 வளரிளம் பிள்ளைகளை ஆறு ஆண்டு பின்தொடர்ந்து பார்த்து, 2018-இல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெற்றோரே ஊற்றிக் கொடுத்த பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. வீட்டில் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் பிறகு வெளியிலும் வாங்கிக் குடிப்பதும், ஒரே தடவையில் அதிகம் குடிப்பதும்தான் கூடியிருந்தன. சளிக்கு பிராந்தி, உடம்புச் சூட்டுக்கு பீர் என்று நம் பக்கம் சொல்வதற்கும் மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. மது புற்றுநோயை உண்டாக்குகிற பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது.

விலங்கியல் டீச்சர் என்பதால் மூளையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. மனித மூளை பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக முதிர்கிறது. ஆசை, பரபரப்பு, புதியதைத் தேடும் துடிப்பு ஆகியவற்றின் பகுதிகள் பதினான்கு, பதினைந்து வயதில் முழு வேகத்தில் இருக்கும். 'இது வேண்டாம், நில்' என்று சொல்ல வேண்டிய நெற்றிப் பகுதி முதிர்ந்து முடிய ஏறத்தாழ 25 வயதாகிறது. அந்த வயதுக்குள் ஊற்றப்படும் மது, கட்டிக்கொண்டிருக்கும்போதே சுவரை நனைத்துக் கரைக்கிற மழை. அமெரிக்காவில் 1997-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிநோயாளி ஆனதைக் காட்டியது. 21 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது 10 சதவீத அளவில்தான் இருந்தது. இதற்கு வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போடுவது பிள்ளைக்கு லாபம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் நான் பார்த்ததில்லை.

பெற்றோருக்கு அவசியம் தெரிய வேண்டிய இன்னொரு கணக்கு குவார்ட்டர் கணக்கு. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் வகைகளில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது; எடையில் ஏறத்தாழ 60 கிராம். மருத்துவர்கள் 10 கிராமை ஓர் அளவு என்று கணக்கிடுகிறார்கள். ஆக ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. இரண்டு பையன்கள் காசு போட்டு ஒரு குவார்ட்டர் வாங்கி, ஆளுக்குப் பாதியாக 'கட்டிங்' போட்டு, பிடிபடாமல் இருக்க ஐந்து நிமிடத்தில் குடித்து முடிக்கிறார்கள் என்றால், ஒவ்வொருவன் வயிற்றிலும் மூன்று அளவு ஒரேயடியாக இறங்குகிறது. நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது சின்ன விஷயம் அல்ல. "கட்டிங் தான டீச்சர் போட்டான்" என்று ஓர் அப்பா என்னிடம் சொன்னபோது இந்தக் கணக்கைத்தான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

இதோடு சேர்த்து இன்னொன்று. பையன்கள் மத்தியில் "எவ்ளோ அடிச்சாலும் அவன் ஸ்டெடி மாப்ள" என்பது பெரிய புகழ்ச்சி. பெரியவர்கள் சிலரும் அதைக் கேட்டுப் பெருமைப்படுவார்கள். உண்மையில் அது அபாயச் சங்கு. தள்ளாட்டமும் தூக்கமும் உடம்பு கொடுக்கிற எச்சரிக்கைகள். வளரிளம் பருவத்தில் அவை பெரியவர்களைவிடக் குறைவாக வருகின்றன என்று விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. நினைவுத்திறன் பாதிப்பு மட்டும் குறைவதில்லை. குடித்தும் உடம்பு அசையாத இளைஞர்கள்தான், அதிலும் குடிநோயாளித் தந்தைக்குப் பிறந்தவர்கள், பின்னாளில் அதிகமாக அடிமையாகிறார்கள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷக்கிட் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஸ்டெடியாக இருக்கிற பையனைப் பார்த்துத்தான் வீடு அதிகமாகப் பயப்பட வேண்டும்.

அப்பா குடிக்கிற வீடுகளைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. நம் ஊர்களில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. அங்கே அம்மா தனியாக நின்று பிள்ளையைக் காக்கப் பாடுபடுகிறார். அப்பாக்களோ "நானே குடிக்கிறேன், நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன்கிட்ட சொல்றது?" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்த வெட்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒதுங்குவதை ஏற்க மாட்டேன். குடிக்கிற அப்பா சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு ஓர் எடை இருக்கிறது, அது எந்த டீச்சருக்கும் வராது. பட்டாசு ஆலைக்கு லோடு ஏற்றும் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, தெளிவாக இருந்த நேரத்தில், பத்தாவது படிக்கும் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாராம்: "எனக்கு விட முடியல தம்பி. விடணும்னு இருக்கு, முடியல. இது எப்படிப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். உனக்கு எங்க ரத்தம். நீ தொடாத." அந்தப் பையனே பின்னாளில் என்னிடம் சொன்னது இது.

'உனக்கு எங்க ரத்தம்' என்பது வெறும் பேச்சு இல்லை. குடிநோயாளி ஆகும் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி மரபணு வழியே வருகிறது என்பது இரட்டையர் ஆய்வுகளிலும் தத்துப் பிள்ளைகள் ஆய்விலும் தெரிந்த செய்தி. சர்க்கரை நோய் உள்ள குடும்பத்தில் பிள்ளையிடம் அதை மறைக்காமல் சொல்கிறோம் அல்லவா? இதையும் சொல்ல வேண்டும். பாதி மட்டுமே மரபணு, மீதி சூழல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பிள்ளை தன் தலையெழுத்து இதுதான் என்று நினைத்துவிடும்.

உடனே குடியை விட முடியாத அப்பாக்களும் இன்றைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. பிள்ளையைக் கடைப் பக்கம் அழைத்துப் போகாதீர்கள். கிளாஸ் கழுவவோ, தண்ணீர் பாக்கெட், மிக்சர் வாங்கவோ பிள்ளையை அனுப்பாதீர்கள். வீட்டில் மிச்சம் வைக்காதீர்கள். குடித்த அன்று பிள்ளையிடம் அன்பும் காட்டாதீர்கள், அடிக்கவும் செய்யாதீர்கள். போதையில் அள்ளிக் கொடுக்கிற ஐநூறு ரூபாயும் போதையில் விழுகிற அடியும், மது வந்தால் என்ன வேண்டுமானாலும் நடக்கும் என்பதைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகின்றன.

பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. சில பெண் பிள்ளைகளும் குடித்துப் பார்க்கிறார்கள், அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் நான் அதிகம் பார்த்தது, அப்பா எத்தனை மணிக்கு எப்படி வருவாரோ என்று காத்திருந்து, காலையில் சிவந்த கண்ணோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்களை. மார்க் குறைந்தது என்று அவர்களைத் திட்டுவதற்கு முன், இரவு தூங்கினாயா என்று கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அம்மாக்கள் பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் மில்லுக்கும் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். பள்ளி நாலரைக்குள் விட்டுவிடும். வீட்டுக்கு ஆள் வர ஆறரை, ஏழு ஆகும். இந்த இரண்டரை மணி நேரம்தான் எனக்கு எப்போதும் கவலை. ஐஸ்லாந்து என்கிற சின்னத் தீவு நாட்டில் நடந்ததைப் பெற்றோர் கூட்டங்களில் நான் சொல்வது இதனால்தான். 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். என்ன செய்தார்கள்? விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு அரசு நிதியைக் கூட்டியது. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேலும் கோடையில் நள்ளிரவுக்கு மேலும் வெளியே திரியக் கூடாது என்று சட்டம் வந்தது. வார இறுதி இரவுகளில் பெற்றோர்களே கூட்டமாகத் தெருக்களில் நடந்து பார்த்தார்கள். பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தைக் கூட்டினார்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெற்றோரோடு பேசினார்கள். பயமுறுத்தும் பிரசாரங்களால் இது வரவில்லை.

பணக்கார நாடு, நமக்கு ஒத்துவருமா என்பீர்கள். எல்லாம் ஒத்துவராது. ஆனால் ஒரே தெருவில் நான்கு அம்மாக்கள் ஆலைக்குப் போகிறார்கள் என்றால், வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியின் கண் நான்கு பிள்ளைகள் மேலும் இருக்க ஏற்பாடு செய்யலாம். சாயங்காலக் கபடியும் வாலிபாலும் நடக்கிற மைதானத்துக்கு அனுப்பலாம். அந்த மைதானத்தின் மூலையில் ராத்திரி யார் உட்கார்கிறார்கள் என்று அப்பாக்கள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். இரவுச் சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, போனை ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடலாம். அரை மணி நேரம் போதும். பிள்ளையின் கண்ணும் வாயும் பேச்சும் எப்படி இருக்கின்றன என்பது அதில் தெரிந்துவிடும்.

காசு எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். முகூர்த்த நாட்களில் பையன்கள் கேட்டரிங் பரிமாறப் போகிறார்கள், பந்தல் போடப் போகிறார்கள். உழைத்துச் சம்பாதிப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வேலை முடிந்த நடு இரவில், கையில் கூலியோடு, வயதில் மூத்த ஆட்களோடு பையன் இருக்கிறான். கூட்டிப் போகும் மேஸ்திரி யார், எப்படி வீடு வந்து சேர்வான் என்று கேட்காமல் அனுப்பக் கூடாது. வாங்கிய கூலியை வீட்டில் காட்டச் சொல்லுங்கள், பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

எப்போது பேசத் தொடங்குவது என்று கேட்டால், ஏழாம் வகுப்பில் என்பேன். உட்கார வைத்து உபதேசம் செய்ய வேண்டாம். படத்தில் கதாநாயகன் சோகத்தில் குடிக்கிறான், திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வாசகம் ஓடுகிறது. "இதுல எழுதியிருக்கிறத நம்புறியா, அவன் ஆடுறத நம்புறியா?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதை முழுதாகக் கேளுங்கள். "எல்லாரும்தான் குடிக்கிறாங்க" என்று சொன்னால் அதை அப்படியே விடாதீர்கள். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பில், 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் மது அருந்துபவர்கள் 1.3 சதவீதம்தான். உங்கள் ஊரில் கூடுதலாகவே இருந்தாலும், குடிக்காத பிள்ளைகள்தான் பெருங்கூட்டம். தொடாத பையன் தன்னைத் தனி ஆள் என்று நினைத்துக்கொள்வதால்தான் தொடுகிறான்.

வீட்டில் ஒரு விதி தெளிவாக இருக்கட்டும்: 21 வயதுவரை இந்த வீட்டுப் பிள்ளை தொடக் கூடாது. பக்கத்திலேயே ஒரு வாக்கும் இருக்கட்டும்: எந்த ராத்திரியானாலும், எந்த நிலையில் இருந்தாலும், நீ போன் பண்ணினால் நாங்கள் வந்து கூட்டிக்கொள்வோம், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிகிற நாள், நள்ளிரவில் கேக் வெட்டும் பிறந்தநாள், கல்லூரி விடுதியின் முதல் மாதம், இந்த மூன்றுக்கும் முன்னால் விதியையும் வாக்கையும் மறுபடி சொல்லுங்கள். குடித்தவன் ஓட்டும் பைக்கின் பின்னால் ஏறுவதைவிட அப்பாவைக் கூப்பிடுவது சுலபமாக இருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் பையன் வாடையோடு வந்து நிற்கலாம். அந்த இரவில் விசாரணை வேண்டாம். அடிக்க வேண்டாம். வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவே வேண்டாம். தண்ணீரைத் தலையில் கொட்டுவது, மோர், எலுமிச்சை, காப்பி கொடுப்பது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது எதுவும் போதையைக் குறைக்காது. அரை நினைவில் இருப்பவனுக்கு வாந்தி மூச்சுக்குழாயில் போனால் உயிரே போய்விடும். இடது பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்க வையுங்கள். பக்கத்தில் ஒருவர் விழித்திருங்கள். தூங்கிய பிறகும் வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். உலுக்கியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு விடுகிறான், உடம்பு சில்லிட்டு உதடு நீலமாகிறது, வலிப்பு வருகிறது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

மறுநாள் தலைவலி தணிந்த பிறகு பேசுங்கள். எங்கே, யாரோடு, எவ்வளவு, யார் வாங்கியது, ஏன் தேவைப்பட்டது. கடைசிக் கேள்விக்கான பதிலைக் கேட்கப் பொறுமை வேண்டும். ஆங்கில வழிக்கு மாறியதில் பாடம் புரியாத பயம், வீட்டில் நடக்கும் சண்டை, ஒரு காதல், ஓர் அவமானம் எல்லாம் அங்கேதான் வெளியே வரும். ஒருமுறை குடித்த பிள்ளை குடிகாரன் அல்ல. சொந்தக்காரர்கள் முன்னால் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டால், இனிக் காப்பாற்றிக்கொள்ள நல்ல பெயர் எதுவும் தனக்கில்லை என்று அவன் நினைத்துவிடுவான். அதே சமயம் வீட்டு விதியை மீறியதற்கு ஒரு விளைவும் இருக்கட்டும். ஒரு மாதம் பைக் கிடையாது, இரவு வெளியே போவது கிடையாது என்று சொன்னால், சொன்னபடி நடத்துங்கள்.

மறுபடி மறுபடி நடக்கிறது, வீட்டில் பணம் காணாமல் போகிறது, காலையில் கை நடுங்குகிறது என்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நோய். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் மறுவாழ்வு ஆலோசனை கிடைக்கும். 14416-இல் மனநல ஆலோசகரோடு பேசலாம். குழந்தை அபாயத்தில் இருந்தால் 1098. 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விற்கிற பொடிகளை நம்பாதீர்கள். குடியை நிறுத்தத் தரும் சில மருந்துகளோடு மது சேர்ந்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து வரும். தினமும் குடிக்கும் பெரியவரும், ஆத்திரத்திலோ சபதத்திலோ திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்த பிறகு, 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே அவர் அமைத்த சிகிச்சை முறையில் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் தனி ஆலோசனை உண்டு. 1992-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த முறையின் நியாயம் எனக்குப் புரிகிறது. பையனை மட்டும் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிற குடும்பங்களில், அவன் திரும்பி வரும் வீடு அப்படியே இருக்கிறது. அப்பா கூட உட்கார்ந்து தன் பெயரையும் சேர்த்துப் பதிந்துகொண்ட குடும்பங்களில் பையன் சீக்கிரம் தேறியதை நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவர் மறுபடி வரச் சொல்லும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஒருநாள் கூலி போனாலும் கூடப் போங்கள். முதல் தடவை பையன் ஒன்றும் பேச மாட்டான், இரண்டாவது தடவை நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவான். நிறையப் பையன்கள் மூன்றாவது, நான்காவது தடவையில்தான் வாய் திறந்தார்கள்.